கதவுக்குக் கீழே ஒரு ஒழுகல்

அந்தத் தெருவில் அவளை எல்லாரும் ராக்கெட் என்றுதான் கூப்பிடுவார்கள். நாளெல்லாம் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். லீவு கிடைத்தால் போதும், இரண்டே பேர் உட்காரக்கூடிய தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். "வாரம் பூரா ஸ்டியரிங் பிடிச்சது பத்தலையா உனக்கு?" என்று கணவன் கேட்பான். "அது வேலைங்க, இது எனக்கு" என்பாள். பழைய கார்தான். ஆனால் அதன் மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை.

கொஞ்ச நாளாக அந்தக் கார் கூலன்டைக் குடித்துத் தீர்த்தது. எஞ்சினைச் சூடேறாமல் காக்கும் அந்தப் பச்சைத் தண்ணீரை அவள் ஊற்ற ஊற்ற, தொட்டியில் மட்டம் இறங்கிக்கொண்டே போனது. எங்கே ஒழுகுகிறது என்றுதான் பிடிபடவில்லை. அந்தக் காரில் எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் இருந்தது. பின்மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு குழாயாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் காய்ந்து கிடந்தது. மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனாள். அவர் தொட்டி வாயில் ஒரு கைப்பம்பை மாட்டி, காற்றை ஏற்றி, அதில் அழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். முள் அசையவில்லை. "ஒழுகலே இல்லையேம்மா" என்று கையை விரித்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டுத் தையல்காரர் போட்ட சத்தத்தில் வெளியே ஓடிவந்தாள். நூல்கண்டு என்று அவர் பெயர் வைத்திருந்த நாய் நடுத்தெருவில் கால் பின்னித் தள்ளாடிக்கொண்டிருந்தது.

"என்னாச்சுண்ணே?"

"தெரியலம்மா. இப்பத்தான் உன் கார்கிட்ட எதையோ நக்கிட்டு நின்னான். அதுக்குள்ள குடிகாரன் மாதிரி ஆயிட்டான்."

நாயின் தாடை மயிரில் பச்சை ஈரம். பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கூலன்ட் இனிக்கும். இனிப்புக்கு நாய் நக்கும். உள்ளே போனால் சிறுநீரகத்தையே தின்றுவிடும். வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினாள். ஒரே கணம்தான்.

"அண்ணே, அது என் கார்லேர்ந்து ஒழுகினது. விஷம். நாயைத் தூக்குங்க, உடனே டாக்டர்கிட்ட போகணும்."

வழியில் எஞ்சின் சூடேறாதிருக்க, காரின் தொட்டியில் அவசரமாகத் தண்ணீரை நிரப்பினாள். தையல்காரர் நாயை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறினார். ஒரு கண் சாலையிலும் ஒரு கண் வெப்பம் காட்டும் முள்ளிலுமாக அவள் ஓட்டினாள்.

கால்நடை டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே "என்ன சாப்பிட்டான், தெரியுமா?" என்பதுதான்.

"கார் கூலன்ட், டாக்டர். என் கார்லதான் ஒழுகிச்சு. இப்பத்தான் நக்கியிருக்கான்."

அதற்கு மேல் டாக்டரம்மா நிற்கவில்லை. விஷமுறிவு மருந்தை நரம்பில் ஏற்றிவிட்டுத்தான் திரும்பி வந்தார். "பிழைச்சுக்குவான்னு நம்புறேன். சில நாள் இங்கயே இருக்கட்டும். வந்ததும் சொன்னீங்க பாருங்க, அதுதான் பெரிய உதவி. என்னன்னு தெரியாம தாமதமா வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரர் தன் சட்டையில் ஒட்டியிருந்த நாய்மயிரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வார்த்தை திட்டிடுங்கண்ணே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கும்மா திட்டணும்? நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா எனக்கு என்ன தெரியும்? கண்டதைத் தின்னுட்டான், தூங்கினா சரியாயிடும்னு வீட்லயே படுக்கப் போட்டிருப்பேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காதவர்போல் பேச்சை மாற்றினார். "ஆமா, கதவுக்குக் கீழே எப்படிம்மா ஒழுகும்? எஞ்சின் பின்னாடின்னு சொல்வியே?"

"கதவுக்குக் கீழேயா?"

"ஓட்டுறவங்க பக்கத்துக் கதவு. அங்கதானே நக்கிட்டு நின்னான்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். இரண்டுக்கும் நடுவே தரைக்கடியில் நீளக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றை ஒரு தட்டு மூடியிருக்கிறது. ஒழுகினதெல்லாம் அந்தத் தட்டில் தேங்கி, நிறைந்த அன்றுதான் கீழே வழிந்திருக்கிறது. இவளோ பின்பக்கத்தையே குடைந்துகொண்டிருந்தாள்!

மறுநாள் விடிந்ததும், எஞ்சினை ஓட்டிச் சூடாக்காமல், ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி நிறுத்தித் தட்டைக் கழற்றினாள். பழைய சட்டையோடு தையல்காரர் வந்து நின்றார். "நீ காத்தடி. நான் பார்க்கிறேன்" என்று பாயை விரித்து அடியில் நுழைந்துகொண்டார். மெக்கானிக்கிடம் இரவல் வாங்கிவைத்திருந்த பம்பைத் தொட்டியில் மாட்டி அவள் அழுத்தினாள். முள் ஏறியது, பிறகு மெல்ல, மிக மெல்ல இறங்கியது.

"வருதும்மா! ஒரு சொட்டு... இதோ இன்னொண்ணு!"

இரும்புக் குழாயோடு ரப்பர் குழாய் சேரும் இடம். இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்ப் வளையம் துருப்பிடித்து வலுவிழந்திருந்தது. குளிர்ந்தால் இணைப்பு சுருங்கிச் சொட்டும். ஓடிச் சூடானால் விரிந்து தானே அடைத்துக்கொள்ளும். சூடாக ஓட்டிப் போன காரில் மெக்கானிக்கின் கண்ணுக்கு அது எப்படி அகப்படும்!

புது ரப்பரும் புதுக் கிளாம்பும் போட்டு, கூலன்ட் நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினாள். மறுபடி பம்பை மாட்டினாள். கணவன் கொண்டுவந்த டீயை மூவரும் குடித்து முடிக்கும்வரை முள் வைத்த இடத்திலேயே நின்றது. தரையில் சிந்தியிருந்ததைச் சொட்டு விடாமல் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அந்த வாரக் கடைசியில் நூல்கண்டை அழைத்துவரப் போனார்கள். "சிறுநீரகம் சுத்தமா இருக்கு" என்றார் டாக்டரம்மா. அவரைக் கும்பிட்ட தையல்காரர் இவள் பக்கமும் திரும்பிக் கையெடுத்தார். அவள் பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தாண்ணே கும்பிடணும். நாயும் பிழைச்சுது. நீங்க அண்ணனாவே இருக்கீங்க. எனக்கு வேற என்ன வேணும்?"

நாய் அவள் முழங்கையை நக்கத் தொடங்கியது. "போதும்டா உன் நக்கல்!" என்று தையல்காரர் அதட்ட, டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. குனிந்து, நாயின் தலையில் கன்னத்தை வைத்து, அதன் மூச்சு ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.