எட்டில் நாலு கம்பி

ஊரில் உள்ள ஆபீஸுக்கெல்லாம் நெட்வொர்க் கேபிள் இழுத்துக் கொடுக்கிறவன் நான். என் வீட்டுக் கேபிளின் லட்சணம் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தெரிந்தது.

அலமாரியின் மேல்தட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை சர்வராக வைத்திருந்தேன். பதினைந்து வருஷத்துப் படமும் வீடியோவும் அதில்தான். ஒரு வாரமாக அதன் டிஸ்க் 'டக், டக்' என்று சத்தம் போட்டது. சாகப் போகிற டிஸ்க் போடும் சத்தம். அதற்குள் எல்லாவற்றையும் மேஜையில் லேப்டாப்போடு மாட்டியிருந்த புது டிஸ்க்குக்கு மாற்றியாக வேண்டும்.

எல்லாவற்றையும் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். வேண்டியது ஒன்றுதான், என் மனைவியின் குரல். வாயாடி என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். போன வருஷம் தொண்டையில் புற்றுநோய் என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கையில் ஒரு சிலேட்டோடு வளைய வருகிறாள்.

புது டிஸ்க்குக்குக் காப்பி ஓட ஆரம்பித்தது. இன்னும் பதினோரு மணி நேரம் என்றது திரை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேபிளைச் சோதித்தால், உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியில் நாலுதான் வேலை செய்தது. நாலில் ஓடினால் வேகம் பத்தில் ஒரு பங்குதான். வேலை பார்த்த சைட்டில் மிஞ்சிய துண்டை எடுத்து வந்து, நாலை மட்டும் இணைத்து, "வீட்டுக்கு இது போதும்" என்று விட்ட மகானுபாவன் நானேதான்!

பையில் நல்ல கேபிள் இருந்தது. ஆனால் மேல்தட்டுவரை எட்டாது. சர்வரை அணைத்து, மேஜைக்கு இறக்கி, மறுபடி போட வேண்டும்.

அவள் சிலேட்டை நீட்டினாள். "மெதுவாவே வரட்டும். கையை வைக்காதீங்க."

"ஒரு மணி நேரத்துல முடியற வேலைடி இது. பொழுதன்னைக்கும் தேவுடு காக்கச் சொல்றியா?"

சத்தம் போடும் டிஸ்க்கை அணைக்காதீர்கள், மறுபடி எழுந்திருக்காது என்று ஆபீஸ் ஆபீஸாகப் போய்த் தலைபாடாக அடித்துக்கொள்கிறவன், என் வீட்டில் அணைத்தேன்.

அது எழுந்திருக்கவில்லை. மறுநாள் ரிப்பேர் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

அவள் வீடியோக்களை முதலில் அனுப்பக்கூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை. மொத்தமாக இழுத்துப் போட்டிருந்தேன். அணைப்பதற்குள் வந்து சேர்ந்ததெல்லாம் என் சைட் போட்டோக்கள். வயர்க் கட்டு, சுவர் ஓட்டை, மறுபடி வயர்க் கட்டு. பாவி, இதையெல்லாம் எவன் கேட்டான்? அவற்றுக்கு நடுவே எப்படியோ விழுந்து கிடந்தது ஒரே ஒரு வீடியோ. ஏழு நொடி. ஜன்னல் பக்கம் நின்று அவள் சிரிக்கிறாள்.

"என்னங்க, இங்க வந்து பாருங்களேன், இந்தப் பூனை..."

உடனே என் குரல். "ஏய், கொஞ்ச நேரம் வாயை மூடேன். வேலையா இருக்கேன்ல?"

அவ்வளவுதான் வீடியோ.

"என் பேச்சை மட்டும் வெட்டி எடுத்துடட்டுமா?" என்றேன்.

அவள் வேண்டாம் என்று தலையசைத்து, லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இந்த டிஸ்க்கில் இனி நான் கை வைக்க அவள் விடமாட்டாள் என்று புரிந்தது. வீடியோவைப் போட்டாள். 'பூனை' என்றதும் நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து போட்டாள். மறுபடி 'பூனை'யில் நிறுத்தினாள்.

நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம்வரை அவள் விரல் ஒரு தடவைகூடத் தவறவில்லை. என் குரல் வரவே இல்லை.