அருந்ததி மிஸ்ஸின் முதல் பேஸ்போல் மட்ச்

வெரிபீயில் புதிதாகத் திறந்த கல்லூரிக்கு முதல் கோச்சாக அருந்ததி வந்தபோது, குளிர்காலத்தில் அந்த நாட்டுக் கால்பந்தான ஃபூட்டி, கோடையில் பேஸ்போல் என்று இரண்டும் அவள் தலையில் விழுந்தன. எட்டு வருடம் மரக்கறி பக்டரியில் பெட்டி அடுக்கியவளுக்கு அது பாரமாகவே படவில்லை. பிள்ளைகள் 'மிஸ்' என்று கூப்பிட்டாலே உச்சி குளிர்ந்துவிடும். ஆனால் வேலை ஒரு வருடத்துக்குத்தான். நிரந்தரமாக்குவதா என்பதை முதல் பேஸ்போல் மட்ச் பார்த்துவிட்டுச் சொல்வதாகக் கல்லூரி அதிபர் ஹெலன் சொல்லியிருந்தார்.

ஃபூட்டியில் அவளுக்கு அரிச்சுவடியும் தெரியாது. அதனால் விதிகளை விழுந்து விழுந்து படித்தாள்; அணி மூன்றாவதாக வந்தது. பேஸ்போலுக்கு அந்தப் பயமே இல்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட எல்லே அணிக்குத் தலைவியாக இருந்தவளுக்கு யார் பாடம் எடுப்பது? தடியால் பந்தை அடி, சுற்றி ஓடி வா. அதே விளையாட்டுத்தான், வெள்ளைக்காரன் கையுறை போட்டு ஆடுகிறான் என்று நினைத்துவிட்டாள்.

மட்ச் அன்று பாதிவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. எதிரணிப் பிள்ளை ஒருத்தி அடித்துவிட்டு ஓட, பந்து வினுஷாவின் கைக்கு வந்தது. அணியிலேயே குறி தப்பாத கை அவளுடையது. பயிற்சியில் டென்னிஸ் பந்தால் பழகியபடியே, ஓடுகிறவளின் பின்புறத்தைப் பார்த்து ஒரே வீச்சு. எல்லேயில் அப்படிப் பட்டால் ஆள் அவுட். பேஸ்போலில் அப்படியொன்றும் கிடையாது; ஓடுகிறவள் தொடவேண்டிய பேஸில் நிற்பவளுக்குத்தான் பந்தை எறிய வேண்டும். வினுஷாவின் கூட்டம் துள்ளிக் குதித்துக்கொண்டிருக்க, அடி வாங்கியவள் தடவிக்கொண்டே ஒரு சுற்று ஓடி முடித்தாள்.

மைதானம் கொதித்தது. வேண்டுமென்றே எறிந்தாள் என்று அம்பயர் வினுஷாவை வெளியே போகச் சொன்னார். இப்படி எறிய யார் சொல்லிக்கொடுத்தது என்று அதிபர் வந்து கேட்டார். வினுஷா கோச்சை ஒருமுறை பார்த்துவிட்டு, கை வழுக்கிவிட்டது என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தாள்.

அருந்ததி வாயை மூடிக்கொண்டு நின்றால் வேலை நிலைக்கும். ஆனால் அந்தப் பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"நீ நில் பிள்ளை. நான்தான் பிழையாச் சொல்லித் தந்தனான்."

அதையே ஆங்கிலத்தில் அம்பயரிடமும் சொன்னாள். அடி வாங்கிய பிள்ளையிடம் போய் மன்னிப்பும் கேட்டாள். அம்பயர் வினுஷாவை விட்டுவிட்டு அருந்ததியை வெளியேற்றினார். கணக்கு வாத்தியார் கௌரிசங்கர் அவளுடைய இடத்தில் போய் நின்றார்.

வேலிக்கு வெளியே நின்றவளுக்கு மானம் கப்பலேறிய மாதிரி இருந்தது. அதிபரும் வந்து பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரத்தில் பந்து மறுபடியும் வினுஷாவிடம் போனது. கையை ஓங்கியவள் அப்படியே திகைத்து வேலிப் பக்கம் திரும்பினாள்.

"பேஸுக்கு எறி. ஆளுக்கில்லை," என்று அருந்ததி கத்தினாள்.

எறிந்தாள். அவுட். ஆனாலும் மட்சில் படுதோல்விதான்.

விசிலையும் சாவியையும் திங்கட்கிழமை கொண்டுவந்து தரட்டுமா என்று அருந்ததியே அதிபரிடம் கேட்டாள்.

"உங்களிடமே இருக்கட்டும். அடுத்த வருடமும் தேவைப்படும்," என்றார் ஹெலன். "கௌரிசங்கர் உள்ளேதான் நின்றார். ஒரு பிள்ளையாவது அவரைப் பார்த்ததா? எல்லோரும் வேலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்."

கௌரிசங்கர் உள்ளே நின்றதை அருந்ததியும் கவனிக்கவேயில்லை. அவள் பிள்ளைகளைத்தானே பார்த்துக்கொண்டு நின்றாள்.