மன்றத்தின் ஒரே உறுப்பினர்

எங்கள் கல்லூரி நட்பு மன்றத்துக்கு நான்தான் தலைவி. சிரிக்காதீர்கள். கேண்டீன் மூலையில் உட்கார்ந்து வாய் ஓயாமல் அரட்டையடிப்பதுதான் மன்றத்தின் ஒரே வேலை. இருந்தது ஐந்து பேர். பயோடேட்டாவில் போட்டுக்கொள்ள ஆளுக்கொரு பதவி வேண்டுமென்று அடித்துக்கொண்டோம். தலைவி, துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று நான்கும் பறிபோயின. மன்றத்தை ஆரம்பித்த நெட்டையனுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

"உங்க நாலு பேரையும் கட்டி மேய்க்கிறதுக்கு, நான் சும்மா உறுப்பினராவே இருந்துட்டுப் போறேன்," என்றான்.

படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் வீட்டில் எல்லார் வாயிலும் விழுந்து எழுந்துகொண்டிருந்தேன். இந்த நேர்காணலும் கைவிட்டுப் போனால் அண்ணன் பிள்ளைகளுக்குத் தலை வாரிக்கொண்டு வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். அண்ணன்தான் பயோடேட்டாவை டைப் அடித்துக் கொடுத்தான்.

"தலைவின்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கேன். கேட்டா நல்லா அளந்து விடு."

நேர்காணலில் மேலாளர் அம்மாள் தாளைப் புரட்டிக்கொண்டே வந்தவர், மன்றத்தின் பெயரில் விரலை வைத்துச் சிரித்தார்.

"போன வருஷம் இதே மன்றத்துப் பையன் ஒருத்தன் வந்தாம்மா. நல்ல உயரம். எல்லாரும் தலைவர்னு போடுறாங்க, நீ என்னப்பா வெறும் உறுப்பினர்னு போட்டிருக்கேன்னு கேட்டேன். 'எல்லாரும் தலைவராயிட்டா அவங்க பேச்சை யாரு மேடம் கேக்கறது'ன்னான். உடனே எடுத்துட்டோம். ஆர்டர் அனுப்பியும் வரவேயில்ல. இதைவிடப் பெரிய இடமா கிடைச்சிடுச்சா?"



"லாரி மோதிடுச்சு மேடம்," என்றேன். "செத்துட்டான்."

அவன் இங்கே வந்ததே எனக்குத் தெரியாது. கிடைத்த பிறகு சொல்லலாமென்று இருந்திருப்பான், படுபாவி. அடக்க அடக்க அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த அம்மாள் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அதன்பின் கேட்ட கேள்விகளுக்கு என்ன உளறினேனோ, வேலை கிடைக்கவில்லை.

அடுத்த இடத்துக்கு விண்ணப்பிக்க மறுபடியும் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 'தலைவி'யை அழிக்கச் சொன்னேன்.

"மன்றத்தையே எடுத்துடவா?"

"வேணாண்ணா. மன்றம் இருக்கட்டும். உறுப்பினர்னு போடு."

"பைத்தியமா உனக்கு? தலைவியா இருந்துட்டு யாராவது தானாக் கீழ இறங்குவாங்களா?"

"அந்த இடந்தாண்ணா காலியா இருக்கு," என்றேன்.