ஆடி மாதம் எண்ணெய் குளித்த வண்டி

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு அதற்கு நிகரான இன்னொரு நிகழ்ச்சி தென்காசியில்தான் நடக்கப்போகிறது என்பதில் கணபதிசுப்பிரமணியனுக்கு ஐயமே இருந்ததில்லை. 1986ஆம் ஆண்டு ஆவணி பிறந்த அன்று காலை, குத்துக்கல்வலசையில் அவருடைய அரிசி ஆலைக் கொட்டகையில் அந்த நிகழ்ச்சி தொடங்கியது. சக்கரங்கள் நான்கு இருந்தன. நான்கும் நின்ற இடத்திலேயே நின்றன.

அது மோட்டார் சைக்கிள்தான். ஆனால் டிராக்டருக்குப் பிறந்ததுபோல நாலு தடித்த டயர். கடையநல்லூர் பரீது குவைத்திலிருந்து கப்பலில் போட்டுக் கொண்டுவந்தது. அன்று மாலை மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து கல்யாண மண்டபம்வரை மாப்பிள்ளை இதில்தான் வரவேண்டும்.

வரவேண்டும் என்று விதித்தது சாஸ்திரம் அல்ல, கணபதிசுப்பிரமணியனின் வாய். நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி அனந்தநாராயணன், ஓய்வுபெற்ற பெரிய இஞ்சினியர், வெற்றிலையைத் தொடாமலேயே பேசிக்கொண்டிருந்தார். "மூத்தவனுக்கு மதுரையில பொண்ணெடுத்தோம். யானைமேல வச்சுக் கூட்டிட்டுப் போனாங்க" என்றார். மகள் அகிலாண்டேஸ்வரிக்கு அதற்குமுன் இரண்டு வரன்கள் வெற்றிலையைத் தொடாமலே எழுந்து போயிருந்தன. மூன்றாவதும் எழப்போகிறது என்று தோன்றிய கணத்தில் கணபதிசுப்பிரமணியன் சொல்லிவிட்டார்: "யானை எல்லா ஊர்லயும்தான் இருக்கு. உங்க பிள்ளையை நான் அழைச்சிட்டு வாற வண்டியை இந்த ஜில்லாவுல ஒருத்தன் கண்ணால கண்டிருக்க மாட்டான்."

சம்பந்தி வெற்றிலையை எடுத்தார். அதனால் அகிலாண்டேஸ்வரியின் கல்யாணம் இப்போது அந்த வண்டியின்மேல் உட்கார்ந்திருந்தது.

வண்டி வந்து இறங்கியது ஆடி முதல் வாரம். பரீது போகும்போது படித்துப் படித்துச் சொன்னான். "அண்ணாச்சி, வாரத்துக்கு ஒரு மட்டம் ஸ்டார்ட் பண்ணுங்க. கிளச்சைப் பிடிச்சுப் பிடிச்சு விடுங்க. சும்மா போட்டா உள்ள பிளேட்டெல்லாம் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிடும்."

"ஆடியில புது வண்டியை ஸ்டார்ட் பண்ணவா? நீ குவைத்துக்குப் போயி எல்லாத்தையும் மறந்துட்டலே" என்றார் கணபதிசுப்பிரமணியன்.

ஆனால் சாரல் ஆடியைப் பார்த்து நிற்பதில்லை. கொட்டகைக்குள்ளும் ஈரம் புகுந்தது. துரு பிடித்தால்? இதற்கு, வண்டியைச் செய்த ஜப்பான்காரன் நினைத்துப் பார்த்திராத வழி ஒன்றை அவர் கண்டார். சனிக்கிழமைதோறும் ஐந்தருவியில் அவருக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஏசுவடியானைக் கொட்டகைக்கே வரவழைத்தார். "மனுச உடம்புக்கே சாரல்ல எண்ணெய் வேண்டியிருக்கு. இது இரும்பு பாத்துக்கோ. எனக்குத் தேய்க்க மாதிரி தேயி."

ஏசுவடியான் அப்படியே தேய்த்தான். ஹேண்டிலிலிருந்து டயர்வரை, சந்து பொந்து விடாமல், மூலிகை போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். ஆடி சனிக்கிழமைகள் அத்தனையும் வண்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டது. அருவியில் மட்டும்தான் குளிக்கவில்லை.

ஆவணி பிறந்தது. நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கணபதிசுப்பிரமணியனின் மனைவி பிருஹதாம்பாள் ஆரத்தித் தட்டோடு நின்றாள். மெக்கானிக் தங்கசாமி சீட்டில் ஏறி உட்கார்ந்தான். அவன் வீரகேரளம்புதூர்வரை உள்ள பம்புசெட்டுகளுக்கும், தென்காசியிலுள்ள ஸ்கூட்டர்களுக்கும் தானே டாக்டர் என்று போர்டு எழுதி வைத்திருந்தவன். இந்த மாதிரி வண்டியை அவன் பார்த்ததில்லை. அதை அவன் சொல்லவும் இல்லை.

எஞ்சின் உறுமியது. கியரைப் போடுமுன் கிளச்சை ஒருதரம் பிடித்து விட்டுப் பார்த்தான். கை மட்டும் விடுபட்டது. கிளச் லீவர் பிடித்த இடத்திலேயே ஹேண்டிலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. எஞ்சின் கத்தியது. வண்டி அசையவில்லை.

"கார்பரேட்டர்தான்" என்றான் தங்கசாமி. யாரும் கேட்காமலேயே அதைக் கழற்றி ஊதினான். திரும்ப மாட்டினான். லீவர் அப்படியே இருந்தது.

"லீவருக்கும் கார்பரேட்டருக்கும் என்னவே சம்பந்தம்?" என்றார் கணபதிசுப்பிரமணியன்.

"எல்லாத்துக்கும் எல்லாத்தோடயும் ஒரு சம்பந்தம் இருக்கும் அண்ணாச்சி."

பத்து மணிக்குச் சம்பந்தி தங்கியிருந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது. வாகனம் தயாரா என்று கேட்டுவரச் சொன்னாராம். "அலங்காரம் நடக்குன்னு சொல்லு" என்று அனுப்பிவிட்டுக் கணபதிசுப்பிரமணியன் தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் தங்கசாமி கிளச் வயரின் மேல்முனையைக் கழற்றினான். இழுத்துப் பார்த்தான். உறைக்குள் வயர் நகரவில்லை. மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொல்லி, சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டு, வயரை மேலும் கீழும் அசைத்தான். வெகு நேரம் கழித்துக் கீழ்முனை வழியாகப் பழுப்பாக, பிசினாக ஏதோ வடிந்தது. தங்கசாமி மோந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, இது உங்க மேல அடிக்க வாசனைல்லா."

பார்க்க வந்திருந்த ஏசுவடியான் பின்னுக்கு நகர்ந்தான். எண்ணெய் வயரின் உறைக்குள் இறங்கி, தூசியோடு சேர்ந்து இறுகிப் பிசினாகியிருந்தது.

"எனக்குத் தேய்க்க மாதிரி தேயின்னு நீங்கதான சொன்னிய" என்றான்.

"நான் ஒட்டிக்கிட்டா நிக்கேன்?"

"நீங்க குளிச்சிருதியளே அண்ணாச்சி."

வயர் வழுக்கத் தொடங்கியது. மாட்டியதும் லீவர் டக்கென்று திரும்பி வந்தது. பிருஹதாம்பாள் மறுபடி சூடத்தை ஏற்றினாள். தங்கசாமி கிளச்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு கியரைப் போட்டான். கிளச்சை விடுவதற்கு முன்பே வண்டி பாய்ந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின, ஆரத்தித் தட்டு பறந்தது. வண்டி தவிட்டு மூட்டைகளில் முட்டி, இருமி, அணைந்தது. கணபதிசுப்பிரமணியன் மூட்டையோடு சரிந்திருந்தார்.

"சகுனம் நல்லதுதான்" என்றாள் பிருஹதாம்பாள், குங்குமத் தண்ணீர் வடியும் சேலையைப் பிழிந்தபடி. "எலுமிச்சம்பழத்தையும் நசுக்கியாச்சு, பொண்ணைப் பெத்தவரையும் நசுக்கியாச்சு."

பரீது சொன்னது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உள்ளே பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. லீவரைப் பிடித்தாலும் பிரியவில்லை.

அகிலாண்டேஸ்வரி மஞ்சள் பூசிய முகத்தோடு ஆலை வாசலில் வந்து நின்றாள். தகப்பனாரின் தலையிலிருந்த தவிட்டைப் பார்த்தாள். "அப்பா, அவங்களுக்கு நான் வேணுமா, வண்டி வேணுமா?"

வண்டிதான் என்று அவருக்குத் தெரியும். அந்த ஆசையைக் கிளப்பிவிட்டதே அவர்தான். இரண்டாவது வரன் தட்டிப்போன அன்று அவள் ராத்திரிச் சாப்பாட்டை வழக்கம்போலப் பரிமாறிவிட்டு, வழக்கம்போல ரேடியோவைத் திருகிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"தங்கசாமி, காலை வேணா பிடிக்கேன்" என்றார். சங்கங்களில் தலைமை தாங்கிப் பழகிய குரல் அல்ல அது.

தங்கசாமிக்கு அதைக் கேட்கப் பயமாக இருந்தது. அதனால் முதல்முறையாக உண்மையைச் சொன்னான். "மழைக்காலத்துல ஸ்கூட்டர்ல இப்படி ஒட்டும். அங்கன செய்யுததை இங்கன செஞ்சு பாக்கேன். ஆனா எனக்கு இந்த வண்டி புதுசு அண்ணாச்சி."

எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி அணைத்தான். கியரைப் போட்டு, கிளச் லீவரை ஹேண்டிலோடு சணல் கயிற்றால் இறுகக் கட்டினான். "இப்ப முன்ன தள்ளு, பின்ன இழு" என்றான். ஆலை ஆட்கள், ஏசுவடியான், சமையல்காரர்கள், வேட்டியை மடித்துக் கட்டிய கணபதிசுப்பிரமணியன் எல்லோரும் வண்டியைத் தொட்டில் ஆட்டுவதுபோல ஆட்டினார்கள். சம்பந்தி வீட்டு ஆள் இரண்டாம் முறை வந்து, பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனான். அது கேட்டதைவிட மோசமாக இருந்தது.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது உள்ளே 'டப்' என்றது. வண்டி லேசாக உருண்டது.

பிறகு லீவருக்குக் கீழேயுள்ள திருகைச் சரிசெய்யவேண்டியிருந்தது. ஒரேயடியாக இறுக்கினான், கிளச் வழுக்கியது. தளர்த்தினான், கியர் கரகரத்தது. லீவரில் ஒரு நாலணாக் காசுக் கனத்துக்கு ஆட்டம் வரும்வரை திருகிவிட்டு நட்டை இறுக்கினான். ஆலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். கணபதிசுப்பிரமணியன் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். தவிடு கண்ணில் விழுந்துவிட்டது என்றார்.

சாயங்காலம் மாப்பிள்ளை குற்றாலநாதன் வெண்பட்டு வேட்டியும் மாலையுமாகத் தங்கசாமிக்குப் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்தான். நாதஸ்வரம் முன்னே போயிற்று. ரதவீதி முழுவதும் ஜனம். வழியில் ஓரிடத்தில் கூட்டத்துக்காக வண்டி நின்றது. கணபதிசுப்பிரமணியன் மூச்சை நிறுத்திக்கொண்டார். தங்கசாமி கிளச்சைப் பிடித்தான், விட்டான். வண்டி நகர்ந்தது. மூச்சும் வந்தது.

மண்டப வாசலில் சம்பந்தி கைகூப்பினார். "சொன்னபடி செஞ்சுட்டீங்க. யானையெல்லாம் இதுகிட்ட நிக்குமா?"

"ஏதோ நம்மால முடிஞ்சது" என்றார் கணபதிசுப்பிரமணியன். மறுபடி தலைமை தாங்கும் குரல் வந்துவிட்டிருந்தது.

மாப்பிள்ளை இறங்கினான். எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, ஊரே பார்க்க, வெண்பட்டு வேட்டியின் பின்பக்கத்தைக் காட்டிப் படியேறினான்.

ஏசுவடியான் சீட்டுக்கும் எண்ணெய் தேய்த்திருந்தான்.