எறும்பு ஏறாத அரளி

எறும்பு ஏறுகிற செடிகளாகப் பார்த்துத் தனியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள் முனியம்மாள். எண்பத்திரண்டாம் வருஷம் பென்னலூர் நர்சரியில் சேர்ந்தவள். ஒன்பது வருஷமாகக் காலையில் இதுதான் முதல் வேலை. எறும்பு சும்மா ஏறாது. தண்டில் செதில்பூச்சி ஒட்டியிருக்கும். அது கழிக்கிற இனிப்பை நக்கத்தான் ஏறும்.

இங்கே செடி வாங்கும் கம்பெனியின் ஜீப் வந்து நின்றது. ஆபீசர் ஸ்ரீதர் கையில் ஒரு அரளிக் கிளையோடு இறங்கினார். இங்கே வாங்கிக் கம்பெனி மதிலோரம் நட்ட இருநூறு அரளியும் பூச்சி பிடித்து மஞ்சளடித்துவிட்டதாம். இனி இங்கே செடி எடுக்கப்போவதில்லை என்றார்.

முதலாளி பாண்டுரங்கன் கூசாமல் கையை நீட்டினார். "மருந்தடிக்கிறது இவதான் சார். ஏமாத்திட்டா." ஒரு தாளை எடுத்து, மருந்தடிக்காதது தன் தப்புதான் என்று முனியம்மாள் சொல்வதாக மளமளவென்று எழுதினார். மைப்பெட்டியைத் திறந்து அவள் முன் வைத்தார்.

கைநாட்டு வைத்தால் வேலை போகும். சுற்றுவட்டாரத்தில் வேறெந்த நர்சரியும் சேர்க்காது. முனியம்மாள் மைப்பெட்டியைத் தள்ளி வைத்தாள்.

"அந்தக் கெளைய குடு சார்." வாங்கினாள். வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, தண்டில் ஒட்டியிருந்த வெளிறிய வட்டச் செதில் ஒன்றை நெம்பினாள். ஓடு மட்டும் மூடிபோலக் கழன்று வந்தது. அடியில் மஞ்சளாக ஒரு பூச்சி தண்டிலேயே இருந்தது.

"இது உங்க பூச்சி. ஓடு வேற, ஒடம்பு வேற."

ஒதுக்கி வைத்த அரளித் தொட்டி ஒன்றை இழுத்தாள். அதன் தண்டில் பாதி மிளகுபோலப் பழுப்பாகப் புடைத்திருந்ததை நெம்பினாள். ஓடு பிரியவில்லை, பூச்சியே முழுசாகப் பெயர்ந்தது.

"இது எங்க பூச்சி. ஓடே இதுக்கு ஒடம்பு. தொட்டா பிசுபிசுக்கும், எறும்பு ஏறும். உங்க கெளையில ஒரு எறும்பாச்சும் கீதான்னு பாரு."

ஆபீசர் குனிந்து பார்த்தார்.

"நட வந்தப்பவே பாத்தேன் சார். உங்க ஆபீஸ் வாசல்ல கீற பழைய அரளியில இந்த வட்டப் பூச்சிதான் அப்பிக்கினு கீது. அங்கேர்ந்து பரவிச்சு."

"அப்போ இங்கயும் பூச்சி இருக்குல்ல?"

"இருக்குது. டாங்குக்கு ரெண்டு மூடி மருந்து ஊத்தணும். மொதலாளி அரை மூடிதான் குடுக்குறாரு. நான் இன்னா பண்றது?"

ஆபீசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாளைக்கு நூறு குரோட்டன்ஸ் அனுப்புங்க. இந்தம்மாவே பொறுக்கட்டும்," என்றார்.

சாயங்காலம்வரை இலை இலையாகத் திருப்பிப் பார்த்து நூறு செடி பொறுக்கினாள். கடைசித் தொட்டியை வைத்ததும் பாண்டுரங்கன் அருகில் வந்து நின்றார். பிறகு சொன்னார்: "வெளியாளு முன்னாடி என் மானத்த வாங்கிட்ட. நாளைலேர்ந்து வராத."

"வருவேன் மொதலாளி. நான் இன்னா தப்பு பண்ணேன்?"

மறுநாள் அவளுக்கு மட்டும் கேட் திறக்கவில்லை. உள்ளே கூட வேலை செய்யும் கங்காவும் மற்ற பெண்களும் அவள் பொறுக்கிய செடிகளை வேனில் ஏற்றினார்கள். வேன் வெளியே போகக் கேட்டைத் திறந்ததும் முனியம்மாள் குறுக்கே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கங்கா ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டிரைவர் ஹாரனை அழுத்தினான். வெயில் ஏறியது. முனியம்மாள் தூக்குவாளியைத் திறந்து, சக்கரத்துக்கு முன்னாலேயே பழைய சோற்றைப் பிசையத் தொடங்கினாள்.