அழிந்த கிரகத்தார் குடிவந்த வீடு

தொலைக்காட்சி வில்லன் நடிப்பிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம், அவர் அழித்த கிரகத்தின் மக்கள் அவர் வீட்டுக்குக் குடிவந்தார்கள். சனிக்கிழமை காலை, பால் வரும் நேரம். முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள். துணி மூட்டையும் பாத்திரமுமாக வாசலில் நின்றார்கள். மேனி கொஞ்சம் சாம்பல் பூத்திருந்ததைத் தவிர அவர்களிடம் விசேஷமாக ஒன்றும் இல்லை. வில்லனின் மனைவி கதவைத் திறந்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்து, பதிலைக் கேட்டுக்கொண்டு, "உங்களைத் தேடித்தான் வந்திருக்காங்க" என்று உள்ளே குரல் கொடுத்தாள். பிறகு தையல் மெஷினைக் கூடத்துக்கு நகர்த்திவிட்டு, பின்னறையை ஒழித்துக் கொடுத்தாள்.

அந்தக் கிரகத்தில் ஆள் இருப்பதாகத் தொடரின் கதையில் யாரும் எழுதியிருக்கவில்லை. ஸ்டுடியோவில் அது கறுப்புத் துணிக்கு முன்னால் நூலில் தொங்கிய ஒரு சுண்ணாம்புப் பந்து. கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு வில்லன் ஒரு விசையை அழுத்தி, எழுதிக் கொடுத்த வசனத்தைச் சொன்னார். விசை எதோடும் இணைக்கப்பட்டிருக்கவில்லை. பந்தைச் சுத்தியலால் உடைத்தவர் தச்சர். இதையெல்லாம் அவர் வந்தவர்களிடம் விளக்கினார். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். "உங்க வேலை அது. நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார்கள். திட்டியிருந்தால் பரவாயில்லை. அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வருஷங்கள் ஓடின. கிரகத்தாரில் சிலர் அச்சகத்திலும் சலவைக் கடையிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். முதலில் முணுமுணுத்த தெருக்காரர்கள், வெளியூர் போகும்போது வீட்டுச் சாவியை அவர்களிடம் கொடுத்துவிட்டுப் போகும் அளவுக்குப் பழகினார்கள். வானம் தெளிந்த சாயங்காலங்களில் அவர்கள் மொட்டைமாடிக்குப் போய் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே ஒன்றும் இருக்காது. அந்த நேரத்தில் வில்லன் கீழே உட்கார்ந்து எல்லோருடைய செருப்புகளையும் துடைத்து வைப்பார். அவர் மனைவி இறந்தபோது கிரகத்தார் ஆறுதல் ஏதும் சொல்லவில்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் அவர்களுக்குப் பழக்கம் இருந்தது.

பழைய தொடரை மறுபடி ஒளிபரப்பத் தொடங்கியபோது, நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றுக்குப் பேட்டி எடுக்க ஒரு பெண் மைக்கும் கேமராக்காரருமாக வந்தாள். கேமராவுக்குள் விழாமல் ஓரமாக நிற்கும்படி கிரகத்தாரைக் கேட்டுக்கொண்டாள்.

"சார், இப்ப எந்தக் கிரகத்துக்குக் குறி?"

"மாடிப்படிக்கே சரணடைஞ்சிட்டேம்மா."

"பூமியைப் பிடிச்சிருந்தா முதல்ல என்ன பண்ணியிருப்பீங்க?"

"தலைக்கவசத்தைக் கழட்டியிருப்பேன். காது ரெண்டும் புண்ணு."

"வாராவாரம் ஹீரோகிட்ட அடி வாங்குனீங்களே, வெக்கமா இல்லையா?"

"அடி வாங்குற வரைக்கும்தான் வேலை. ஒரே ஒரு தடவை ஜெயிச்சேன். அதோட தொடரை முடிச்சிட்டாங்க."

கேமராக்காரர் சிரிப்பை அடக்கியதில் படம் ஆடியது. கடைசியாக அவள், "அந்தக் கிரகத்தை அழிச்சப்போ சொன்னீங்களே, அந்த வசனத்தை ஒருதடவை சொல்லுங்க சார். ஜனங்க அதுக்குத்தான் காத்திருக்காங்க" என்றாள்.

வில்லன் மறந்துவிட்டதாகச் சொன்னார். மறக்கவில்லை.

டீ கொண்டுவந்த கிரகத்துப் பெண், அச்சகத்தில் வேலை செய்பவள், தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். "சொல்லுங்கண்ணா. அன்னிக்கு நாங்க தூங்கிட்டிருந்தோம். எங்களைப் பத்தி என்ன சொன்னாங்கன்னு இதுவரைக்கும் தெரியாது."

மற்றவர்களும் வந்து சுவரோரமாக நின்றார்கள். வில்லன் முழங்காலைப் பிடித்தபடி எழுந்தார். ஜன்னல் அதிரும் அந்தப் பழைய குரல் வரவில்லை. வீட்டில் யாரும் இல்லை என்று தபால்காரரிடம் சொல்வதுபோல, "சின்னக் கிரகம். இனி அது இல்லை" என்றார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் கேமராக்காரர் ஓடவிட்டார்.

"சின்னதுன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள் அச்சகத்துக்காரி.

"அப்படித்தான் எழுதியிருந்துச்சும்மா."

"சின்னது இல்லண்ணா. எங்க வீட்டுலேர்ந்து ஆத்துக்குப் போகவே அரை நாள் ஆகும்."

நிகழ்ச்சியில் அவர் அழுத இடத்தில் சிரிப்புச் சத்தம் சேர்த்திருந்தார்கள். கூடத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். மறுநாள் கடைவீதியில் இரண்டு பேர் அவருக்குக் கைகொடுத்து, பிரமாதமான நடிப்பு என்றார்கள். அவர் நன்றி சொன்னார்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்தார். பிள்ளைகள் இல்லாததால் கிரகத்தாரே தூக்கிப் போனார்கள். இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்; இடம் போதாமல் மேலே ஓர் அறை கட்டியிருக்கிறார்கள். கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தைக் காட்டி யாராவது விசாரித்தால், "எங்க அண்ணன். டிவில நடிச்சாரு" என்பாள் அச்சகத்துக்காரி. என்ன வேஷம் என்று கேட்டால் படத்தை நேராக்கி வைப்பாள்.

"நல்ல வேஷமா எதுவும் குடுக்கலை" என்பாள்.