ஆர்டிஸின் எண்பது ஏக்கரில் ஒன்றுமில்லை

செப்டம்பர் பிறந்தால் போதும், ஹால்டன் ஊர் ஆண்கள் ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழி வேட்டை அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறக்கும்; சேவலை மட்டும்தான் சுடலாம். அதற்கு முந்தைய ஆறு வாரமும் காபிக்கடையில் ஒரே அழுகைதான். குளிர்காலப் பனியில் பாதிக் கோழி செத்தது, ஜூன் மாத ஆலங்கட்டியில் மீதிப் பாதி செத்தது, தப்பிய குஞ்சை நரி தின்றது, நரி விட்டதை ரக்கூன் தின்றது. கேட்கிறவன் தெற்கு டகோட்டாவில் இனி ஒரு சேவல் கூவாது என்றே நினைப்பான். நினைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். "எங்க பக்கம் கோழி இருக்கு" என்று ஒருவன் வாய் தவறிச் சொன்னால், மறுவாரமே மினியாபொலிஸ் நகரத்துக்காரர்களின் வண்டி பத்து அவன் வாசலில் நிற்கும். ஆகையால் செப்டம்பரில் பொய் சொல்வது இங்கே பாவக் கணக்கில் வராது. பாதிரியாரே அப்படித்தான் சொல்கிறார், அவரும் வேட்டைக்காரர்.

இந்த அழுகையில் ஓர்வில் ஹௌகனை மிஞ்ச ஆளில்லை. காரணம், ஓர்வில் தபால்காரர். தினமும் தொண்ணூறு மைல் சரளை ரோட்டில் வண்டி ஓட்டி, பெட்டி பெட்டியாகக் கடிதம் போடுகிறவர். பனி இறங்கிய காலையில் கோழிகள் நனைந்த இறகை உலர்த்த ரோட்டோரம் வந்து நிற்கும். வேலைக்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்பி, அவற்றை எண்ணிக்கொண்டே போவது அவர் வழக்கம். எந்த வாய்க்காலில் எத்தனை குஞ்சு என்று அவருக்குத் தெரிகிற மாதிரி கடவுளுக்கும் தெரியாது. அதனால் "இந்த வருஷம் எப்படி ஓர்வில்?" என்று ஊரே அவர் வாயைப் பார்க்கும். ஓர்வில் தொப்பியைக் கழற்றி, சாவு வீட்டுக்கு வந்தவர்போல முகத்தை வைத்துக்கொள்வார்.

இந்த வருடம் அவர் கொஞ்சம் அதிகமாகவே அழுதுவிட்டார். அதற்கும் காரணம் உண்டு. அவருடைய கறுப்பு லேப்ரடார் ஃப்ரீடாவுக்குப் பதிமூன்று வயது. காது சுத்தமாகக் கேட்காது, பின்னங்கால் ஒன்று மரக்கட்டை மாதிரி விறைத்துவிட்டது. "இன்னும் ஒரு சீசன். அதுவும் அரை மணி நேரத்துக்கு மேல வேணாம்" என்று கால்நடை டாக்டர் கையை விரித்துவிட்டார். ஃப்ரீடா வாழ்நாளில் பிடித்த முதல் சேவல், ஆர்டிஸ் மெல்பியின் எண்பது ஏக்கர் புல்லில்தான். கடைசிச் சேவலும் அங்கேதான் என்று ஓர்வில் முடிவு கட்டியிருந்தார். கிழ நாய் மெதுவாக மோப்பம் பிடித்துப் போக வேண்டும். குட்டி நாய்களோடு எவனும் முன்னால் ஓடிக் கோழியைக் கலைக்கக் கூடாது. ஆகவே ஒரு வியாழக்கிழமை, கடை நிறைந்திருந்த நேரமாகப் பார்த்து ஆரம்பித்தார்.

"ஆர்டிஸ் இடமா? அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதீங்கப்பா. மாட்டை விட்டு மேய்ச்சு, புல்லு என் மண்டை மாதிரி ஆயிடுச்சு. கோழியை விடுங்க, கொசுகூட அங்க முட்டை போடாது."

எல்லாரும் அவர் வழுக்கை மண்டையைப் பார்த்து, அனுதாபத்தோடு தலையாட்டினார்கள். ஓர்வில் திருப்தியாக ஆப்பிள் பை இன்னொரு துண்டு வாங்கித் தின்றார்.

ஆர்டிஸ் ஒண்டிப் பெண்பிள்ளையாக நூற்றிருபது மாடு வைத்துப் பிழைக்கிறவர். அந்த எண்பது ஏக்கரில் மட்டும் பதினைந்து வருடமாக ஒரு மாட்டை விட்டதில்லை. விதை வாங்கித் தெளித்து, முள்செடியைக் கையாலேயே பிடுங்கி, இடுப்புயரப் புல்லாக வளர்த்து வைத்திருந்தார். அதைத் தவிர உலகத்தில் வேறு எதிலும் அவருக்குக் கர்வம் கிடையாது. ஓர்வில் சொன்னது அவர் காதுக்குப் போக ஒரு நாள் ஆயிற்று. ஹால்டனில் அது தாமதம்தான்.

திங்கட்கிழமை ஓர்வில் கடிதம் போட வந்தபோது, ஆர்டிஸ் தபால் பெட்டியின் மேல் முழங்கையை ஊன்றி நின்றார். பின்னால் டிராக்டரில் புல் வெட்டும் இயந்திரம் மாட்டியிருந்தது.

"என்ன ஆர்டிஸ், வெட்டப் போறியா? எந்த வயலு?"

"அந்த எண்பது ஏக்கர்தான். மாட்டுக்குத் தீனி பத்தல. அங்கதான் ஒண்ணுமே இல்லையாமே, வெச்சு என்ன பண்றது?"

ஓர்வில் கையிலிருந்த மின்சார பில் கீழே விழுந்தது.

"ஆர்டிஸ்... அது சும்மா ஒரு பேச்சுக்கு..."

"கொசுகூட முட்டை போடாதாமே."

"மத்தவங்களை விரட்டறதுக்குச் சொன்னேன், தாயே! எல்லாரும் சொல்றதுதானே!"

"விரட்டணும்னா கோழி செத்துச்சுன்னு சொல்லு. நரி தின்னுச்சுன்னு சொல்லு. என் புல்லை ஏன்டா மொட்டைன்னு சொன்னே? பதினஞ்சு வருஷம் இந்த முதுகு ஒடிஞ்சிருக்கு. மளிகைக் கடையில ஒருத்தி வந்து, 'பாவம், நிலம் போச்சாமே'ன்னு என் கையைப் பிடிச்சுக்கறா."

ஃப்ரீடா வண்டியின் பின் சீட்டில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது. ஓர்வில் அதைக் காட்டிப் பார்த்தார். ஆர்டிஸ் நாயைப் பார்த்து முகம் இளகினார். ஆனால் நாயைப் பார்த்து மட்டும்தான்.

"நாளைக்குக் காலையில கடைக்கு வர்றேன். எங்க சொன்னியோ அங்கயே எழுந்து நின்னு, என் புல்லு எப்படி இருக்கு, அதுல எத்தனை கோழி இருக்குன்னு உள்ளதை உள்ளபடி சொல்லு. இல்லேன்னா மத்தியானமே வெட்டிடுவேன்."

அன்றைக்குத் தொண்ணூறு மைலும் ஓர்விலுக்குப் புத்தி பேதலித்துப் போயிருந்தது. லார்சன் வீட்டுக் கடிதத்தை ஓல்சன் வீட்டிலும், ஓல்சன் வீட்டு மருந்தை லார்சன் வீட்டிலும் போட்டார். சொல்லாவிட்டால் புல் போச்சு. சொன்னால் ஊரே வந்து இறங்கும். ஃப்ரீடா வேலியைத் தாண்டுவதற்குள் கடைசிச் சேவலும் பறந்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் நாய்க்கு நாமம்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஆனாலும் வெட்டிய புல் மறுபடி வளர இரண்டு வருடம் ஆகும், ஃப்ரீடாவுக்கு அவ்வளவு நாள் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆர்டிஸ் மூலை மேஜையில் பான்கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓர்வில் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். யாரோ செத்துவிட்டார்கள் என்று கடையே நினைத்தது.

"ஆர்டிஸ் இடத்தைப் பத்தி நான் சொன்னது பொய். அந்த மாதிரிப் புல்லு இந்த ஜில்லாவிலேயே கிடையாது. நேத்து நானே எண்ணினேன். சேவல் மட்டும் முப்பத்தேழு. குஞ்சோட பெட்டைங்க பதினொண்ணு. அவ்ளோதான்."

கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரிப்பு.

டெல்மர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். டெல்மர்தான் முப்பது வருடமாக ஓர்விலோடு வேட்டைக்குப் போகிறவர். "முப்பத்தேழா! ஏன்டா, நாப்பதுன்னா சந்தேகம் வரும்னு மூணைக் குறைச்சியா?"

"சத்தியமா டெல்மர்!"

"சத்தியம் வேற பண்றான் பாரு. அப்போ கோழி கண்டிப்பா வேற எங்கயோ இருக்கு."

அவ்வளவுதான், கடை முழுக்க ஆராய்ச்சி ஆரம்பமாகிவிட்டது. கோழி இருக்கிற இடத்தை எவனாவது எண்ணிக்கையோடு சொல்வானா? ஓர்வில் ஊரைக் கிழக்கே அனுப்பப் பார்க்கிறான், ஆகவே கோழி மேற்கே. மேற்கே என்றால் பழைய சரளைக் குழி. ஓர்வில் மறுக்க மறுக்க அவர்களுக்கு நம்பிக்கை கூடியது. "அங்க ஒண்ணும் இல்லப்பா, கோரையெல்லாம் காஞ்சு கிடக்கு!" என்று அவர் கத்தியதும், சரளைக் குழி உறுதியாகிவிட்டது.

ஆர்டிஸ் பான்கேக்கை முடித்து எழுந்தார். போகிற போக்கில் ஓர்வில் தோளில் தட்டி, "வெட்டல. சனிக்கிழமை பத்து மணிக்கு வா" என்றார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஓர்விலுக்கும் கிடைத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். புல் தப்பியது, கூட்டமும் வராது. அவர் சொன்ன பொய்களையெல்லாம்விட அந்த உண்மைதான் அருமையாக வேலை செய்தது.

ஆனால் அவருக்கு அது இனிக்கவில்லை. வெள்ளிக்கிழமை டெல்மர் வீட்டுக்கே போனார்.

"நீயாவது வா. ஃப்ரீடாவுக்கு இதான் கடைசி. நிஜமாவே சொல்றேன்."

டெல்மர் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என்கிட்டயேவா ஓர்வில்? நாயை வெச்சா? நல்லா இல்லடா."

ஓர்வில் திரும்பி வந்தார். முப்பது வருட சிநேகிதனுக்குத் தன் வாய்ச்சொல் செல்லாக்காசு என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு ஆர்டிஸ் வீட்டு வேலியருகே வேறு ஒரு வண்டிகூட இல்லை. மேற்கே சரளைக் குழி ரோட்டில் புழுதி மட்டும் மேகமாக எழுந்து நின்றது. ஆர்டிஸ் ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு தயாராக இருந்தார்.

"நீயுமா வர்றே?"

"என் புல்லு. நான் நடப்பேன்."

சரியாகப் பத்து மணிக்கு ஃப்ரீடா புல்லுக்குள் இறங்கியது. வேலியடியில் மூன்று காலில் நொண்டிய நாயா இது என்று ஓர்விலே அசந்துபோனார். மூக்கு தரையில், வால் காற்றில். இருபது அடிகூடப் போகவில்லை, காலடியிலிருந்து ஒரு சேவல் கத்திக்கொண்டு எழும்பியது. நீள வால், வெயிலில் செம்பாக மின்னும் மார்பு. ஓர்வில் இரண்டு குழலையும் சுட்டார். சேவல் நலமாகப் பறந்து போயிற்று.

ஃப்ரீடா திரும்பி அவரைப் பார்த்தது. அந்தப் பார்வையை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

"எனக்குக் கண்ணுல தண்ணி" என்றார் ஓர்வில்.

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார் ஆர்டிஸ்.

இரண்டாவது சேவல், புல்லின் ஓரத்துச் சதுப்பில் அடர்ந்திருந்த கோரைப் பக்கமாக எழுந்தது. இந்த முறை ஒரே வெடி. பறவை கோரை நடுவில் விழுந்தது. ஃப்ரீடா உள்ளே போயிற்று. கோரை கொஞ்ச நேரம் அசைந்தது, பிறகு நின்றுவிட்டது. ஒரு நிமிடம், இரண்டு, ஐந்து. செவிட்டு நாயை விசிலடித்துக் கூப்பிட முடியாது. ஓர்வில் துப்பாக்கியை ஆர்டிஸ் கையில் திணித்துவிட்டு முழங்கால் சேற்றில் இறங்கினார். "வேணாம், வேணாம், இப்போ வேணாம்" என்று யாரிடமோ கெஞ்சிக்கொண்டே கோரையை விலக்கினார்.

ஃப்ரீடா சேற்றில் படுத்திருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. ஆனால் சேவலை வாயிலிருந்து விடவில்லை. ஓர்விலைக் கண்டதும் வால் இரண்டு முறை சேற்றை அடித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். குனிந்து கை நீட்டியதும், பதிமூன்று வருடமாகக் கொடுத்த அதே மரியாதையோடு பறவையை அவர் உள்ளங்கையில் வைத்தது. ஓர்வில் அழுதார். இந்த முறை பார்க்க ஆளில்லை.

முப்பது கிலோ ஈர நாயைத் தூக்கிக்கொண்டு அவர் வெளியே வந்தபோது, ஆர்டிஸ் சேவலை வாங்கிக்கொண்டார். மூவரும் ரோட்டுக்கு வருவதற்கும், டெல்மரின் வண்டி வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. டெல்மர் முகத்தில் புழுதியைத் தவிர ஒன்றுமில்லை.

"சரளைக் குழியில ஒரு இறகுகூட இல்லடா. இதை எங்க அடிச்சே?"

"இங்கதான்."

"பாரு, மறுபடியும்."

"இங்கதான் டெல்மர்" என்றார் ஆர்டிஸ். "நான் பார்த்தேன்."

டெல்மர் தொப்பியைக் கழற்றினார். புல்லைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், சேறு பூசிய ஓர்விலின் முகத்தைப் பார்த்தார். நேற்றுத் தான் பேசியது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்; கழுத்து சிவந்தது. வண்டியை விட்டு இறங்கி, இரண்டு கையையும் நீட்டினார்.

"குடு. கொஞ்ச தூரம் நான் தூக்கறேன்."

ஓர்வில் நாயைக் கைமாற்றினார். ஃப்ரீடா டெல்மரின் புதுச் சட்டையில் சேற்று மூக்கைத் தேய்த்துக்கொண்டது.

"எத்தனை வெடியில விழுந்துச்சு?" என்றார் டெல்மர், நாயின் தலைக்கு மேலாக.

"மூணு. மொத ரெண்டும் காத்துல போச்சு. கால்கிட்டயே எழுந்த சேவலை விட்டுட்டேன்."

"அதை நம்பறேன்" என்றார் டெல்மர்.